மருந்து படாதவர்கள்

எங்கள் ஆய்வு மையம் மதுரை சிம்மக்கல்லில் ஒரு மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்குப் படியேறும்போதே கண்ணில் நீர் முட்டும். இயக்குநர் முனைவர் அசோக்குமார் அதை மையத்தின் மீதுள்ள மதிப்பாகவே எடுத்துக்கொள்வார். வயலில் அடிக்கும் ரசாயனங்கள் மனித மூளையையும் நரம்பையும் என்ன செய்கின்றன என்று கண்டறிவதுதான் மையத்தின் வேலை. கீழே மூட்டை தூக்குகிறவர்களின் நுரையீரல் எங்கள் ஆய்வு எல்லைக்குள் வராது.

நான் விஞ்ஞானி அல்ல. கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவன். பெயர் பீமாராவ், வயது ஐம்பத்தொன்று. ஆங்கிலத்தில் இருந்த கேள்வித்தாளைத் தமிழாக்க அவர்களுக்கு ஒரு 'மொழி ஆலோசகர்' தேவைப்பட்டார். அடையாள அட்டையில் அந்தப் பதவியின் பெயரைப் பார்த்த பிறகு மூன்று நாள் வழக்கத்தைவிடச் சற்று நிமிர்ந்து நடந்தேன்.

ஆய்வு எளிமையானதுதான். கப்பலூரைத் தாண்டி மல்லிகைத் தோட்டங்கள் உள்ள நான்கு ஊர்கள். அதில் ஒன்று நான் பிறந்த ஊர். ஜனங்களிடம் கேள்வி கேட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ரசாயனம் உடம்பில் படுகிறவர்கள், படாதவர்கள். பிறகு இரு கூட்டத்துக்கும் ஒரே சோதனை. இருபத்தைந்து சின்ன ஆணிகளைப் பலகையில் உள்ள ஓட்டைகளில் செருக வேண்டும். பத்துச் சொற்களைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏதாவது நோய்க்காக மாத்திரை, ஊசி என்று இருப்பவர்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும், அதனாலும் கை நடுங்கலாம் என்பதால்.

முதல் வரைவில் 'பூச்சிமருந்து' என்று இருந்தது. நான் அதைச் சிவப்பு மையால் அடித்து, "நஞ்சை மருந்து என்பது அறிவியலுக்கும் இழுக்கு, தமிழுக்கும் இழுக்கு" என்று ஓரத்தில் எழுதினேன். 'பூச்சிக்கொல்லி'யும் எனக்குப் போதவில்லை. களையைக் கொல்வது, பூஞ்சையைக் கொல்வதெல்லாம் அதில் அடங்காதே. இரண்டு நாள் யோசித்து 'உயிர்க்கொல்லி வேதிமம்' என்று ஒரு சொல்லை ஆக்கினேன். கேள்வி இப்படி அமைந்தது: "கடந்த ஓராண்டில் தாங்கள் உயிர்க்கொல்லி வேதிமங்களைக் கையாண்டதுண்டா?" அசோக்குமார் எழுந்து நின்று கைகொடுத்தார். அவருக்கும் அது புரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

நோயாளிகளை விலக்குவதற்கான கேள்வியிலும் என் துல்லியத்தைக் காட்டினேன். "மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் ஊசியும் களிம்பும் விடுபட்டுப் போகும். ஆகவே "தாங்கள் தொடர்ந்து மருந்து பயன்படுத்துகிறீர்களா? ஆம் எனில், எத்தனை முறை, எவ்வளவு?" என்று எழுதினேன்.

என் அப்பா முதுகில் டேங்க் சுமந்து ஊரான் தோட்டத்துக்கெல்லாம் மருந்து அடித்தவர். அந்தச் சொல்லை அடித்துத் திருத்தியபோது எனக்கு அவர் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும், திருத்த வேண்டிய ஒரு பிழையாகத்தான் வந்திருப்பார்.

கேள்வி கேட்கப் போனவள் ஆர்த்திகா. மதுரை நகரத்திலேயே வளர்ந்த பெண், முதுகலை முடித்தவள். எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும், ஒரு சொல்கூட விளக்கக் கூடாது என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். இரண்டாவது வாரமே போன் செய்தாள்.

"சார், அந்த உயிர்க்கொல்லி கேள்விக்கு ஜனங்க கோவப்படுறாங்க சார். ஒரு அம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க."

"கோபம் வந்தால் கேள்வி சரியான இடத்தில் தொடுகிறது என்று பொருள் அம்மா."

"கொஞ்சம் ஈஸியா மாத்திக் கேட்கவா சார்?"

"அது ஆய்வு ஆகாது. அரட்டை."

இந்தப் பதிலை அன்று மாலை ஓய்வறையில் மூன்று பேராசிரியர்களிடம் சொல்லிக் காட்டினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டார்கள். நூற்று நாற்பத்தொரு பேர் தொடர்ந்து மருந்து பயன்படுத்துவதாகச் சொன்னதால் விலக்கப்பட்டார்கள். ஊரில் பாதி ஆண்கள் நோயாளிகளா என்று அசோக்குமார் வியந்து, அடுத்த ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்றார். மீதியில் முப்பத்தெட்டுப் பேர் 'படுகிறவர்கள்'. நூற்று முப்பத்து மூன்று பேர் 'படாதவர்கள்'. சோதனை முடிந்து பார்த்தால், ரசாயனம் படுகிறவர்களுக்குத்தான் கை உறுதியாக இருந்தது. ஆணிகளை மளமளவென்று செருகினார்கள். நினைவாற்றலும் மேல். படாதவர்கள்தான் தடுமாறினார்கள்.

"உலகமே வேற மாதிரி சொல்லுது. மதுரை மறுத்துப் பேசப்போகுது" என்றார் அசோக்குமார். வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தார்.

படாதவர்கள் பட்டியலில் என் அக்கா முத்துமீனாவின் பெயரும் இருந்தது. கைநடுக்கம்: உள்ளது. பிரிவு: படாதவர். அதை நான் பார்த்தேன். நாற்பது வயதிலிருந்து மல்லிகை பறிக்கிறவள் எப்படிப் படாதவள் ஆனாள் என்று யோசிக்கவில்லை. அவள் டேங்க் தூக்குவதில்லை, பூதானே பறிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

விழாவுக்கு மூன்று நாளுக்கு முன் அழைப்பிதழ் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் டம்ளரை நீட்டியபோது காப்பி தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவள் அதைக் கவனிக்காதது போலத் துடைத்தாள்.

"முடிவு வந்துருச்சாடா?" என்றாள்.

அவளுக்கு அந்த முடிவு என்னைவிட அவசரம். அவளும் இன்னும் பத்துப் பெண்களும் அழகுபாண்டி என்பவர் தோட்டத்தில் பறிக்கிறார்கள். சாயந்தரம் மருந்து அடித்தால் மறுநாள் விடியும் முன் அதே ஈரச் செடியில் கையை விட்டாக வேண்டும். அடித்த பிறகு இரண்டு நாள் விட்டுப் பறிக்கிறோம் என்று போன வருஷமே அவரிடம் கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் மொட்டு வீணாகிவிடுமே என்று அவர் யோசித்து, "ஒந் தம்பிதான ஆராய்ச்சி பண்ணுறாரு, முடிவு வரட்டும் முத்துமீனா. கெடுதல்னு வந்தா நான் மறுப்புச் சொல்லமாட்டேன்" என்றிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. சொன்னால் செய்வார்.

"விழாவுல சொல்லுவாகக்கா" என்றேன்.

"அந்தப் பிள்ள நல்ல பிள்ளதேன்டா. ஆனா கேட்டுச்சு பாரு ஒரு கேள்வி. உசுரக் கொல்ற வேதன எதும் உண்டா, கையாண்டது உண்டான்னு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நம்ம தெருவுல ஒரு பிள்ள மூணு வருசத்துக்கு முன்ன மருந்தக் குடிச்சிருச்சில்ல. அத இப்ப கவர்மென்டுல வந்து விசாரிக்காக போலன்னு ஊரே பயந்துருச்சு. எல்லாரும் இல்லன்னு சொல்லிருங்கடின்னு நாந்தேன் வீடு வீடாப் போயி சொல்லிவிட்டேன். ஒன் ஊருன்னு ஒம் பேரும் கெட்டுறக் கூடாதுல்ல."

அவள் கணவர் சோணை மாமா வாசலில் உட்கார்ந்து டேங்கின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அழகுபாண்டி தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவர் அவர்தான்.

"எங்கிட்ட அப்பிடிக் கேக்கல மாப்ள. அதுக்கு முன்னாடியே வேற கேட்டுச்சு. மருந்து பயன்படுத்துறீகளான்னுச்சு. ஆமாம்மா, வாரத்துக்கு ரெண்டு தடவன்னேன். எம்புட்டுன்னுச்சு. ஒரு தடவைக்குப் பத்துன்னேன். அரண்டு போச்சு. ஒரே நேரத்துலயா பத்தும்னு கேட்டுச்சு. இல்லம்மா, நடுவுல டீ குடிச்சுக்கிருவேன்னேன்."

அக்கா சிரித்தாள்.

"உடம்பப் பாத்துக்கங்க அய்யான்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் சோதனைக்குக் கூப்பிடவே இல்ல. என்ன மாப்ள, நான் பெயிலா?"

மாமா சொன்னது பத்து டேங்க்; ஆர்த்திகா எழுதியது பத்து மாத்திரை. நூற்று நாற்பத்தொரு பேரும் யார் என்று அப்போது தெரிந்தது. டேங்க் தூக்குகிற ஊரையே நோயாளிகள் என்று கழித்திருக்கிறோம். என் கேள்வியைப் புரிந்துகொண்டு ஆம் என்று சொன்ன முப்பத்தெட்டுப் பேர் படித்தவர்கள்: தோட்டத்து முதலாளிகள், உரக்கடைக்காரர்கள், வேட்டியில் கறை படாமல் வரப்போடு திரும்புகிறவர்கள். அவர்களுக்கு ஏன் கை நடுங்கப்போகிறது. நனைந்த பூவில் தினம் கை வைக்கிற பெண்கள் எல்லாரும் படாதவர்கள்.

"என்னடா மொகம் ஒரு மாதிரிப் போச்சு" என்றாள் அக்கா.

"காப்பி சூடுக்கா" என்றேன். எப்போதோ ஆறிப்போன காப்பி.

மறுநாள் காலை அசோக்குமாரிடம் சொன்னேன். அவர் விழா மேடைக்கு வரும் பேனரின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கீழே கடையில் மிளகாய் மூட்டையைத் தட்டுகிறார்கள் போல; இருவருமே தும்மினோம்.

"ஒரு சொல்லுக்காக ரெண்டு வருஷ ஆய்வையே நிறுத்தச் சொல்றீங்களா பேராசிரியர்?"

"தப்பு என்னோடதுதான் சார்."

"அதான் சொல்றேன். தப்பு உங்களோடதுன்னு வெளிய தெரியணுமா? அறிக்கையில 'ஆய்வின் வரம்புகள்'னு ஒரு பத்தி இருக்கும். மொழி சார்ந்த சில புரிதல் இடைவெளிகள் நேர்ந்திருக்கலாம்னு சேர்த்துக்கலாம். நீங்களே அழகா எழுதிக் கொடுங்க."

"அங்க பொம்பளைங்க முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க சார்."

"அடுத்த கட்டத்துல ரத்தப் பரிசோதனை இருக்கு. அதுல எல்லாம் வந்துரும். அப்புறம், உங்களுக்கு ஒரு பட்டம் வச்சிருக்கோம். விழா வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவேண்டியதெல்லாம் படியிறங்கும்போது தோன்றியது. படிக்குக் கீழே மிளகாய் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பத்தியை நான் அழகாகவே எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சந்திப் பிழைகூட இல்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பதினோரு பெண்களையும் அழகுபாண்டி தன் வேனிலேயே அழைத்து வந்திருந்தார். அக்கா கண்டாங்கிச் சேலை கட்டி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் சட்டைப்பையில் நாலே வரி எழுதிய தாள் இருந்தது: கேள்வி தவறு, பிரித்தது தவறு, ஆகவே முடிவு தவறு, மன்னிக்கவும். மைக் கையில் வந்ததும் வாசித்துவிடுவது என்று திட்டம்.

அசோக்குமார் திரையில் பட்டைப் பட்டையாகப் படம் காட்டினார். பச்சைப் பட்டை உயரம், ரசாயனம் படுகிறவர்கள். மஞ்சள் குட்டை, படாதவர்கள். "ஆகவே நம் பகுதி மக்கள் தேவையில்லாமல் அச்சப்பட வேண்டியதில்லை" என்றார். முன்வரிசை உரக்கடைக்காரர்கள் கைதட்டியது மண்டபத்துக்கு வெளியே கேட்டிருக்கும். பிறகு என் பெயரை அழைத்தார்கள். 'கலைச்சொல் செம்மல்' என்ற பட்டத்தோடு ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். சரிகை வைத்தது, கனமானது. போட்டோ எடுக்கிறவர் என்னைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். மைக்கைக் கொடுத்தார்கள்.

"அனைவருக்கும் நன்றி" என்றேன்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்; நாலு வரித் தாள் பையிலேயே இருந்தது. சொற்களை ஆக்குகிறவன் என்று இப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தேன்.

வெளியே வேன் அருகில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருமையில் அவள் முகம் வேர்த்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா எல்லாரும் கைதட்டுனாக. அப்ப ஒண்ணும் செய்யாதாடா அது?"

"ஆய்வு அப்படித்தான்க்கா சொல்லுது" என்றேன்.

ஆய்வு சொல்கிறதாம். எழுவாயை மாற்றிப் போட்டால் பொய் சொன்னவன் வேறு யாரோ ஆகிவிடுவான் என்பது நாற்பது வருஷம் இலக்கணம் படித்ததில் எனக்குக் கிடைத்த பலன்.

ஒன்பது நாள் கழித்து சோணை மாமா போன் செய்தார். வேறு எதற்கோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"பாண்டியம்மா ரெண்டு மாசமா வேலைக்கு வராம நின்னுச்சுல்ல மாப்ள. பறிச்சிட்டு வந்தா கிறுகிறுன்னு வருதுன்னு. விழாவுக்குக் கூட வேனுல சும்மா வந்துச்சே. ஒங்கக்கா விட்டாளா. எந் தம்பி ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டான், ஒண்ணும் செய்யாது வாடின்னு போய்க் கூட்டிக்கிட்டு வந்துட்டா. இப்ப பதினோரு பேரும் போறாக."

மறுநாள் விடிகாலைப் பஸ்ஸில் போனேன். தோட்டத்துக்கு நடக்கும்போது இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. பெண்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நேற்றுச் சாயந்தரம் அடித்த மருந்தின் வாடை வரப்பிலேயே மூக்கைப் பிடித்தது.

"என்னடா, கல்லூரி இல்லையா?" என்றாள் அக்கா. விரல்கள் நிற்கவில்லை. ஆனால் மொட்டைக் கிள்ளுவதற்குமுன் விரல் நுனி இரண்டு தடவை அதைச் சுற்றிவந்தது.

"சும்மாதான்க்கா. பார்க்கணும்னு தோணுச்சு."

அங்கேயும் ஆரம்பித்தேன் சுற்றிவளைத்து. ஆய்வு என்பது படிப்படியானது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு, புரிதலில் சில இடைவெளிகள் என்று. அவள் கேட்டுக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த பூ மடியை அவிழ்த்தாள். நனைந்த மொட்டுகளால் அது கனத்திருந்தது.

"இதப் பிடி, முந்தானையச் சரியாக் கட்டிக்கிறேன்" என்று நீட்டினாள்.

என் கை பின்னால் போய்விட்டது.

நான் நினைத்துச் செய்யவில்லை. அது தானாகப் போனது. ஈரம் சொட்டுகிற அந்தத் துணிக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு முழ தூரம் இருந்தது. அக்கா என் கையைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். கடைசியாக என் முகத்தை.

"செய்யும், இல்ல?" என்றாள்.

"செய்யும்க்கா."

"எப்ப இருந்து ஒனக்குத் தெரியும்?"

"விழாவுக்கு மூணு நாள் முன்னாடி. ஒன் வீட்டுல காப்பி குடிக்கும்போது."

"மேடையில சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"சால்வையப் போட்டுட்டாங்கக்கா."

உலகத்தில் நான் சொன்ன பதில்களிலேயே கேவலமானது அதுதான். ஆனால் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"போயி அவளுககிட்ட சொல்லு. நான் சொல்லமாட்டேன். நாந்தேன் ஒண்ணும் செய்யாதுன்னு கூட்டிக்கிட்டு வந்தவ. நீயே சொல்லு. மொத்தமா வேணாம், ஒவ்வொருத்திகிட்டயா போயி சொல்லு."

போனேன். முதல் வரிசையில் நின்றவளிடம் "நான் கேட்ட கேள்வி தப்பு. நீங்க கையை வைக்கிற மருந்து ஒங்களுக்குக் கெடுதல் பண்ணுதான்னு நான் கேட்கவே இல்ல. கேட்காமலே இல்லைன்னு எழுதிட்டோம். அது பொய்" என்றேன். அவள் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு விரலைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் அதையே சொன்னேன். மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. ஏழாவது பெண்ணிடம் "நான் பொய் சொல்லிட்டேன்மா" என்பது மட்டுமே மிஞ்சியது. அவளுக்கு அதுவே புரிந்தது.

கடைசி வரிசையில் பாண்டியம்மாள். அவளிடம் சொல்லி முடிக்கும்போது வெளுத்துவிட்டது. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ ஏற்ற அழகுபாண்டி பைக்கில் வந்து இறங்கினார். பதினோரு பேரும் பறிக்காமல் நிற்பதைப் பார்த்தார்.

"என்ன பேராசிரியரே, காலையிலயே கூட்டமா?"

அவரிடமும் சொன்னேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்னைய எதுலப்பா போட்டிருந்தீக?"

"மருந்து படுறவங்க பட்டியல்லண்ணே. நல்ல கை, நல்ல ஞாபகம்னு வந்துச்சு."

"நான் டேங்கத் தொட்டதே இல்லையேப்பா."

"தெரியும்ணே."

"எங்களைய?" என்றாள் பாண்டியம்மாள்.

"மருந்து படாதவங்கன்னு போட்டிருந்தோம்மா."

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். மணிக்கட்டு வரை நனைந்து, இடுக்குகளில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு பக்கத்து வரிசை, அதற்கடுத்த வரிசை என்று தோட்டம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "ஏய், நம்ம மேல படலையாம்டி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, ஞாபகம் வந்து முழங்கையால் துடைத்தாள். யாராவது ஒருத்தி என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, கெடுதல்னு வந்தா மறுப்புச் சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தீக" என்றாள். "அடுத்து என்னைக்கு மருந்து அடிக்கிறீக?"

"வெள்ளிக்கிழம சாயந்தரம்."

"அப்ப சனி, ஞாயிறு நாங்க வரல. திங்கக்கிழம வாரோம்."

அழகுபாண்டி செடிகளைப் பார்த்தார். இரண்டு நாள் மொட்டு வெடித்து உதிர்வதை மனதுக்குள் பார்த்திருப்பார்.

"சொன்ன சொல்லுதேன், மாறல. ஆனா எனக்கும் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்ல முத்துமீனா. ஆராய்ச்சி தப்புன்னு எழுத்துல வேணும். பேராசிரியரே எழுதிக் குடுக்கட்டும்."

நான் அவசரமாகப் பேனாவை எடுத்தேன். இந்தத் தடவை சரியாக எழுதிவிடுவேன், ஒரு வரியில், யாருக்கும் புரிகிற மாதிரி. சட்டைப்பையில் தாளைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"இவன் எழுத வேணாம்ணே" என்றாள் அக்கா. "அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. நாங்க சொல்லச் சொல்ல அது எழுதட்டும்."

யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சோணை மாமாவின் போனில் ஆர்த்திகாவின் எண் இருக்கிறதா என்று அழகுபாண்டி கேட்டார். இல்லை என்றாள் அக்கா. பிறகு இருவரும் எண்ணுக்காக என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். பாண்டியம்மாள் கையை வாய்க்கால் தண்ணீரில் கழுவப் போனாள்.